சின்ன ஆபீஸ் அப்ளிகேஷனில் பாஸ்வேர்டுகளைப் பத்திரமாகச் சேமிப்பது எப்படி?

முதலில் உங்கள் ஆபீஸ் அப்ளிகேஷனின் யூசர் டேபிளைத் திறந்து பாருங்கள். பில்லிங், ஸ்டாக், வருகைப் பதிவு என எதுவாக இருந்தாலும் சரி, பத்துப் பதினைந்து பேர் லாகின் செய்கிற சின்ன அப்ளிகேஷன்களில் அந்த டேபிள் பெரும்பாலும் மூன்று நிலைகளில் ஒன்றில்தான் இருக்கும். பாஸ்வேர்டு ஃபீல்டில் 'முருகன்123' என்று அப்படியே படிக்கக் கிடைக்கும். அல்லது பார்த்தால் புரியாத எழுத்துகளாக இருக்கும், ஆனால் சாவி தெரிந்தவர் பழையபடி பிரித்துப் படித்துவிடலாம். அல்லது எல்லாருக்கும் எம்டி5 என்ற பழைய ஹாஷ் முறையில் உருவான 32 எழுத்துச் சரம் இருக்கும் (ஹாஷ் என்றால் என்ன என்று கீழே வரும்). மூன்றுமே மாற்றப்பட வேண்டியவை. புரோகிராமிங்கை இப்போதுதான் தொடங்கியவர்கூட ஓரிரு நாளில் மாற்றிவிடலாம்.

'நம்ம சின்ன ஆபீஸ், நம்மை யார் ஹேக் பண்ணப் போறாங்க?' என்பதுதான் வழக்கமாக வரும் பதில். எங்கோ இருக்கும் ஹேக்கரை மட்டும் நினைத்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஒரு சின்ன ஆபீஸின் டேட்டாபேஸ் எத்தனை வழியாக வெளியே போகிறது என்று யோசித்துப் பாருங்கள். வாரக் கடைசியில் பேக்கப் எடுத்த பென்டிரைவ் யாரோ ஒருவர் பையில் வீட்டுக்குப் போகிறது. சர்வீஸுக்கு வந்தவர் 'ஒரு காப்பி குடுங்க, பார்த்துட்டுச் சொல்றேன்' என்று கேட்டு வாங்கிப் போகிறார். பழைய கம்ப்யூட்டரை ஹார்டு டிஸ்க்கோடு விற்கிறோம். யாரோ யூசர் டேபிளை எக்செலில் எடுத்து மெயிலில் அனுப்புகிறார். ஆகவே, டேபிள் என்றாவது ஒரு நாள் வெளியே போகும் என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள். அன்றைக்கு அதை வைத்திருப்பவருக்கு ஒருவருடைய பாஸ்வேர்டும் கிடைக்கக் கூடாது. கீழே வரும் எல்லாம் இதற்காகத்தான்.

ஸ்டாக் விவரம் போனால் ஆபீஸுக்கு நஷ்டம். பாஸ்வேர்டு போனால் அந்த ஊழியரின் மொத்த வாழ்க்கையும் திறந்துவிடும், ஏனென்றால் ஆபீஸில் வைக்கும் அதே பாஸ்வேர்டைத்தான் பலர் ஜிமெயிலுக்கும் வைக்கிறார்கள். உங்களை நம்பி அவர் தட்டச்சு செய்த ஒன்று அது. 2009 டிசம்பரில் ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்தின் டேட்டாபேஸ் களவு போனபோது, ஏறத்தாழ 3.2 கோடி பாஸ்வேர்டுகள் எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே இருந்தன. அந்தப் பட்டியலை வைத்துத்தான் இன்றும் பலர் பாஸ்வேர்டு உடைக்கப் பழகுகிறார்கள்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஆபீஸில் எல்லாருக்கும் கூகுள் வொர்க்ஸ்பேஸ் அல்லது மைக்ரோசாஃப்ட் 365 கணக்கு இருந்து, அப்ளிகேஷனை அதோடு இணைக்க முடியும் என்றால் அப்படியே செய்துவிடுங்கள். பாஸ்வேர்டையே நாம் வைத்துக்கொள்ளாமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் பாதுகாப்பு. அது முடியாதவர்கள் தொடர்ந்து படியுங்கள்.

ஹாஷ் என்றால் என்ன, எந்த ஹாஷ்?

அரைத்த மாவைத் திரும்ப அரிசியாக்க முடியாது. ஹாஷும் அப்படித்தான். பாஸ்வேர்டை ஒரு கணக்கு வழியாக அனுப்பினால் ஒரு நீண்ட எழுத்துச் சரம் வரும். அந்தச் சரத்திலிருந்து பாஸ்வேர்டுக்குத் திரும்பி வர வழி கிடையாது. லாகின் செய்யும்போது அவர் கொடுத்ததை மறுபடி அதே கணக்கில் போட்டு, அதே சரம் வருகிறதா என்று பார்த்தால் போதும். அப்ளிகேஷனுக்குப் பாஸ்வேர்டு தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

என்கிரிப்ஷன் வேறு. அதற்குச் சாவி உண்டு, சாவி இருந்தால் திரும்பப் படிக்கலாம். சின்ன அப்ளிகேஷனில் அந்தச் சாவி எங்கே இருக்கும்? அதே கம்ப்யூட்டரில், பெரும்பாலும் புரோகிராம் கோடுக்குள்ளேயே. டேட்டாபேஸை எடுத்தவர் அதையும் சேர்த்தே எடுத்திருப்பார். 2013-இல் அடோபி நிறுவனத்திலிருந்து கசிந்த பாஸ்வேர்டுகள் எல்லாம் ஒரே சாவியால் என்கிரிப்ட் செய்யப்பட்டவை. அதனால் ஒரே பாஸ்வேர்டு வைத்தவர்களுக்கெல்லாம் ஒரே சரம் வந்தது. பக்கத்திலேயே 'பாஸ்வேர்டு ஹின்ட்' வேறு மறைப்பில்லாமல் இருந்தது. சாவி வெளியே வராமலேயே, ஆயிரக்கணக்கானோர் எழுதி வைத்த ஹின்ட்டுகளை ஒப்பிட்டு எத்தனையோ பாஸ்வேர்டுகளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆகவே உங்கள் டேபிளில் ஹின்ட் ஃபீல்டு இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

சரி, எம்டி5 ஹாஷ்தானே, அதில் என்ன குறை? வேகம். எம்டி5, எஸ்எச்ஏ-1, எஸ்எச்ஏ-256 எல்லாம் பெரிய ஃபைல்களைச் சட்டென்று சரிபார்க்க உருவானவை. விளையாட்டுக்காக வாங்கும் ஆர்டிஎக்ஸ் 4090 கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றே நொடிக்கு 16,000 கோடிக்கும் மேற்பட்ட எம்டி5 ஹாஷ்களைப் போட்டுப் பார்த்துவிடும். எட்டு எழுத்துப் பாஸ்வேர்டு அதன் முன்னால் அதிக நேரம் நிற்காது. பாஸ்வேர்டுக்கு வேண்டியது வேண்டுமென்றே மெதுவாக ஓடும் ஹாஷ். லாகின் செய்பவருக்கு அரை நொடி தாமதம் தெரியவே தெரியாது. கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்க்க நினைப்பவருக்கோ அந்த அரை நொடிதான் சுவர்.

அடுத்தது சால்ட். ஒவ்வொரு பாஸ்வேர்டோடும் ஒரு தற்செயல் சரத்தைச் சேர்த்து ஹாஷ் போடுவதற்குப் பெயர் அது. ஒரே பாஸ்வேர்டை இரண்டு பேர் வைத்திருந்தாலும் ஹாஷ் வேறு வேறாக வரும், முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த ஹாஷ் பட்டியல்களும் பயன்படாது. 1979-லேயே ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் யூனிக்ஸுக்காக இதை எழுதி வெளியிட்டுவிட்டார்கள். அப்படியிருந்தும் 2012-இல் லிங்க்ட்இன்னிலிருந்து கசிந்தவை சால்ட் இல்லாத எஸ்எச்ஏ-1 ஹாஷ்கள். முதலில் 65 லட்சம் என்றார்கள். 2016-இல் 11.7 கோடி பேருடையவை விற்பனைக்கு வந்தன.

இன்று நீங்கள் தேர்வு செய்ய வேண்டியது மூன்றில் ஒன்று. ஆர்கான்2ஐடி, பாஸ்வேர்டு ஹாஷுக்காகவே நடந்த போட்டியில் 2015-இல் வென்ற ஆர்கான்2-இன் ஒரு வகை. நினைவகத்தையும் நிறைய தின்பதால் கிராஃபிக்ஸ் கார்டால் எளிதாக உடைக்க முடியாது. பீகிரிப்ட், 1999-இலிருந்து இருப்பது, இன்னும் உறுதியாக நிற்கிறது. பிபிகேடிஎஃப்2, மூன்றில் பலம் குறைந்தது, ஆனால் எங்கும் கிடைக்கும். ஆர்கான்2ஐடி கையில் கிடைத்தால் அதை எடுங்கள், இல்லையென்றால் பீகிரிப்ட். இரண்டும் இல்லாத இடத்தில் மட்டும் பிபிகேடிஎஃப்2. சொந்தமாக ஒரு முறையை மட்டும் கண்டுபிடிக்க வேண்டாம். எம்டி5-ஐ மூன்று தடவை போடுவது, எழுத்துகளைத் தலைகீழாக்குவது, நடுவில் கம்பெனிப் பெயரைச் செருகுவது எல்லாம் புரோகிராம் கோடைப் பார்த்தவருக்கு ஐந்து நிமிட வேலை.

டேபிளை அமைப்பது

யூசர் டேபிளில் பழைய பாஸ்வேர்டு ஃபீல்டைத் தொடாமல் புதிதாக ஒரு ஃபீல்டு சேருங்கள். எழுத்துச் சரத்தை வைக்கும் வார்கேர் வகை, 255 எழுத்து அளவு. பீகிரிப்ட் ஹாஷுக்கு 60 எழுத்து போதும் என்று சரியாக 60 வைப்பவர்கள் உண்டு. நாளைக்கு ஆர்கான்2ஐடிக்கு மாறினால் அது போதாது. சில டேட்டாபேஸ் அமைப்புகள் நீளமான சரத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் வெட்டிவிடும். வெட்டுப்பட்ட ஹாஷோடு எந்தப் பாஸ்வேர்டும் பொருந்தாது. காலையில் வந்து ஒருவர்கூட உள்ளே நுழைய முடியாமல் நிற்கும்போது, காரணம் ஃபீல்டின் அளவு என்று சட்டென்று தோன்றாது.

இன்னும் மூன்று ஃபீல்டுகள் வேண்டும்: ஹாஷ் எந்த முறையில் போட்டது, அடுத்த லாகினில் பாஸ்வேர்டைக் கட்டாயம் மாற்ற வேண்டுமா, தொடர்ந்து எத்தனை முறை தவறாகக் கொடுத்திருக்கிறார். சால்ட்டுக்குத் தனி ஃபீல்டு வேண்டாம், அது ஹாஷ் சரத்துக்குள்ளேயே இருக்கிறது.

சேமிப்பதும் சரிபார்ப்பதும்

பிஎச்பியும் மைஎஸ்க்யூஎல்லும் வைத்துச் சொல்கிறேன், சின்ன ஆபீஸ்களில் அதிகம் இருப்பது அதுதான். 2013-இல் வந்த பிஎச்பி 5.5 முதல் 'பாஸ்வேர்டு_ஹாஷ்' என்ற ஃபங்ஷன் கூடவே வருகிறது. யூசர் கொடுத்த பாஸ்வேர்டு, பீகிரிப்ட் என்ற முறையின் பெயர், காஸ்ட் (ஹாஷ் எவ்வளவு மெதுவாக ஓட வேண்டும் என்ற அளவு) 12, இந்த மூன்றையும் அதற்குக் கொடுங்கள். வருவதை அப்படியே புதிய ஃபீல்டில் சேமியுங்கள், வேறு எதுவும் வேண்டாம். காஸ்ட்டை எழுதாமல் விட்டால் பழைய பதிப்புகளில் 10 என்று எடுத்துக்கொள்ளும். 8.4 பதிப்பிலிருந்துதான் அது 12 ஆனது. அதனால் நீங்களே எழுதிவிடுவது நல்லது.

வந்த சரத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். டாலர் குறியில் தொடங்கும். முதல் இரண்டு டாலர்களுக்கு நடுவில் இருப்பது பீகிரிப்டின் எந்த வகை என்ற குறிப்பு. அடுத்த டாலருக்கு முன்னால் 12 என்று காஸ்ட். அதுவரை ஏழு எழுத்து. அதன்பின் 22 எழுத்து சால்ட், கடைசி 31 எழுத்து ஹாஷ். மொத்தம் 60. சரிபார்க்கத் தேவையான எல்லாம் இந்த ஒரே சரத்தில் இருக்கிறது. காஸ்ட் ஒன்று கூடினால் வேலை இரட்டிப்பாகும். 12 என்றால் இரண்டின் 12-ஆம் அடுக்கு, அதாவது 4,096 சுற்று. உங்கள் சர்வரில் ஒரு ஹாஷ் போட எவ்வளவு நேரமாகிறது என்று அளந்து பாருங்கள். கால் நொடியிலிருந்து அரை நொடிக்குள் இருந்தால் நல்லது. அதைவிட வேகமாக ஓடினால் காஸ்ட்டை 13 ஆக்குங்கள்.

லாகினில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். 'இந்த யூசர் பெயரும் இந்தப் பாஸ்வேர்டும் உள்ள ரெக்கார்டு இருக்கிறதா?' என்று டேட்டாபேஸைக் கேட்டே பழகியிருப்பார்கள். சால்ட் வந்த பிறகு அந்தக் கேள்வி வேலை செய்யாது, ஒவ்வொரு முறை போடும்போதும் ஹாஷ் மாறும். யூசர் பெயரை மட்டும் வைத்து ரெக்கார்டை எடுங்கள். அதிலிருக்கும் ஹாஷையும் இப்போது தட்டச்சு செய்த பாஸ்வேர்டையும் 'பாஸ்வேர்டு_வெரிஃபை' ஃபங்ஷனிடம் கொடுங்கள். ஹாஷ் சரத்துக்குள் இருக்கும் சால்ட்டையே வைத்துப் பார்த்து, சரியா இல்லையா என்று அது சொல்லும். ரெக்கார்டை எடுக்கும் க்வெரியை (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியை) கண்டிப்பாகப் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்டாக, அதாவது யூசர் கொடுத்ததைக் கேள்வியோடு ஒட்டாமல் தனியாக அனுப்பும் விதத்தில் எழுதுங்கள். யூசர் பெயரைச் சரத்தோடு சரமாக ஒட்டினால், ஒரு மேற்கோள் குறியை வைத்தே மொத்த டேபிளையும் வெளியே எடுத்துவிடலாம். ராக்யூவில் உள்ளே வந்தது இந்த வழியாகத்தான்.

தவறாக இருந்தால் 'யூசர் பெயர் அல்லது பாஸ்வேர்டு தவறு' என்று ஒரே செய்தியைக் காட்டுங்கள். எது தவறு என்று பிரித்துச் சொல்ல வேண்டாம். சரியாக இருந்தால் செஷன் ஐடியை (லாகின் செய்தவரை அடையாளம் காட்டும் சரத்தை) புதிதாக்குங்கள், தவறிய எண்ணிக்கையைப் பூஜ்யமாக்குங்கள். அப்புறம் 'பாஸ்வேர்டு_நீட்ஸ்_ரீஹாஷ்' என்று கேளுங்கள். நாளைக்குக் காஸ்ட்டைக் கூட்டினால், ஒவ்வொருவரும் லாகின் செய்யும்போது அவரவர் ஹாஷ் தானாகப் புதியதாகிவிடும். பாஸ்வேர்டு கையில் இருப்பது அந்தக் கணத்தில் மட்டும்தான் என்பதால் அங்கேதான் இதைச் செய்ய முடியும்.

க்வெரிக்குள்ளேயே மைஎஸ்க்யூஎல்லின் எம்டி5 ஃபங்ஷனைக் கூப்பிடுவது, அதன் பழைய 'பாஸ்வேர்டு' ஃபங்ஷனைப் பயன்படுத்துவது எல்லாம் பழைய பாடங்களில் இன்னும் இருக்கும். இரண்டாவது மைஎஸ்க்யூஎல் 8-இல் நீக்கப்பட்டே விட்டது. ஹாஷ் போடும் வேலையை அப்ளிகேஷனில் செய்யுங்கள். க்வெரிக்குள் போட்டால் உண்மையான பாஸ்வேர்டு க்வெரி லாகில் பதிவாகிவிடும் வாய்ப்பு உண்டு.

வேறு மொழியில் எழுதுபவர்களுக்கு இரண்டு வரி. பைத்தானில் ஜாங்கோ என்றால் பிபிகேடிஎஃப்2 கூடவே இருக்கிறது, ஆர்கான்2-க்கு மாற்றவும் வசதி உண்டு. டாட்நெட்டில் ஏஎஸ்பி.நெட் கோர் ஐடென்டிட்டியின் பாஸ்வேர்டு ஹாஷரை எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய பாஸ்வேர்டுகளை மாற்றும் நாள்

ஆபீஸ் மூடிய பிறகு செய்யுங்கள். முதலில் பேக்கப்.

பாஸ்வேர்டுகள் அப்படியே படிக்கும்படி இருந்தால் வேலை எளிது. ஒவ்வொரு ரெக்கார்டாக எடுத்து, பழைய ஃபீல்டில் இருப்பதை ஹாஷ் செய்து புதிய ஃபீல்டில் வைக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். என்கிரிப்ட் ஆனவை என்றால் பிரித்துவிட்டு இதையே செய்யுங்கள். எம்டி5 என்றால் உண்மையான பாஸ்வேர்டு உங்களிடம் இல்லை. 'எல்லாரும் லாகின் செய்யும்போது மாற்றிக்கொள்ளலாம்' என்று காத்திருந்தால், விடுப்பில் போனவர், வேலையை விட்டுப் போனவர் எல்லாருடைய எம்டி5-உம் டேபிளில் மாதக்கணக்கில் கிடக்கும். அதற்குப் பதில் அந்த 32 எழுத்து எம்டி5 சரத்தையே பாஸ்வேர்டாக வைத்து பீகிரிப்ட் ஹாஷ் போடுங்கள். முறை ஃபீல்டில் 1 என்று குறியுங்கள். அவர் லாகின் செய்யும்போது, கொடுத்த பாஸ்வேர்டுக்கு எம்டி5 போட்டு, அதை வெரிஃபை செய்யுங்கள். பொருந்தினால் அங்கேயே உண்மையான பாஸ்வேர்டுக்கு நேரடியாகப் புது ஹாஷ் போட்டு, முறையை 2 ஆக்குங்கள். அன்றைக்கே டேபிளில் ஒரு எம்டி5-உம் இருக்காது, ஊழியர்களும் பழைய பாஸ்வேர்டிலேயே உள்ளே வரலாம்.

நாலைந்து பேரை வைத்து லாகின் சோதித்த பிறகு பழைய ஃபீல்டை நீக்குங்கள். 'இருந்துட்டுப் போகட்டும்' என்று விட்டால் செய்த வேலை அத்தனையும் வீண். ஆனால் ஃபீல்டை நீக்கியதோடு பழைய பாஸ்வேர்டுகள் மறைந்துவிடவில்லை. முன்பு எடுத்த ஒவ்வொரு பேக்கப்பிலும் அவை இருக்கின்றன. இன்று மாலை எடுத்ததிலும் இருக்கின்றன. மைஎஸ்க்யூஎல் 8-இல் பைனரி லாக் என்ற மாற்றப் பதிவு தானாகவே ஓடும், வழக்கமான அமைப்பில் 30 நாள் வரை பழைய மாற்றங்களை வைத்திருக்கும். அதையும் சுத்தம் செய்யுங்கள். பென்டிரைவ்களையும், மெயிலில் போன எக்செல் ஃபைல்களையும் தேடிப் பிடிக்க முடிந்தவரை பிடியுங்கள். எல்லாவற்றையும் பிடித்துவிட முடியாது. அதனால்தான் கட்டாயம் மாற்ற வேண்டும் என்ற ஃபீல்டை எல்லாருக்கும் 'ஆம்' என்று வைக்கச் சொல்கிறேன். அடுத்த லாகினில் எல்லாரும் புதுப் பாஸ்வேர்டு வைத்தால், வெளியே கிடக்கும் பழைய காப்பிகளால் இந்த அப்ளிகேஷனுக்கு ஆபத்தில்லை. அதே பாஸ்வேர்டை வேறு எங்காவது வைத்திருந்தால் அங்கேயும் மாற்றச் சொல்லி ஊழியர்களிடம் நேரடியாகச் சொல்லுங்கள், காரணத்தையும் சேர்த்து. அவர்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம் அது.

எப்படிப்பட்ட பாஸ்வேர்டு கேட்பது?

பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறி ஒன்று, மாதம் ஒருமுறை மாற்றம் என்ற பழைய விதிகளை விட்டுவிடுங்கள். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி 2017-இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே அவை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மாதம்தோறும் மாற்றச் சொன்னால் கடைசி எண் மட்டும்தான் மாறும், அதையும் மானிட்டரில் ஒட்டி வைப்பார்கள். நீளத்தைக் கேளுங்கள். 12 எழுத்துக்குக் குறையாமல், நாலு சொற்களைச் சேர்த்து வைக்கலாம், நடுவில் இடைவெளியும் விடலாம் என்று திரையிலேயே எழுதுங்கள். யூசர் பெயர், கம்பெனிப் பெயர், 123456 வகையறா இவற்றை மட்டும் மறுத்துவிடுங்கள்.

தமிழில் பாஸ்வேர்டு வைக்க விரும்புபவர்களும் உண்டு. தாராளமாக வைக்கலாம், ஆனால் புரோகிராமர் இரண்டு இடங்களில் கவனமாக இருக்க வேண்டும். முதலாவது, பீகிரிப்ட் முதல் 72 பைட்டை மட்டுமே பார்க்கும், மீதியை பிஎச்பி எதுவும் சொல்லாமல் விட்டுவிடும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் வழக்கமான முறையான யுடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். 'கொடைக்கானல்' என்பது நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. உள்ளே அது க, ஒகரக் குறி, ட, ஐகாரக் குறி, க, புள்ளி, க, கால், ன, ல, புள்ளி என்று 11 குறியீடு, 33 பைட். இப்படி இரண்டு சொல்லிலேயே 66 பைட் போய்விடும். மூன்றாவது சொல்லின் முதல் ஓரிரு எழுத்துக்குப் பின் அவர் எதை எப்படித் தட்டச்சு செய்தாலும் கதவு திறக்கும். ஆர்கான்2ஐடியில் இந்தச் சிக்கல் இல்லை. பீகிரிப்டோடு இருப்பதானால் 72 பைட்டுக்கு மேல் போனால் ஏற்காமல் செய்தி காட்டுங்கள். எண்ண வேண்டியது எழுத்தை அல்ல, பைட்டை.

இரண்டாவது, 'கொ' என்பதைக் கணினியில் இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பின் ஒகரக் குறி என்ற ஒரே குறியீடு. அல்லது க, ஒற்றைக் கொம்பு, கால் என்று பிரித்து. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் பைட்டுகள் வேறு, ஹாஷும் வேறு. ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு கீபோர்டு, போனில் வேறு கீபோர்டு என்றால் சரியான பாஸ்வேர்டே தவறு என்று வரலாம். ஹாஷ் போடுவதற்கு முன்னாலும் சரிபார்ப்பதற்கு முன்னாலும் எழுத்தை என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். பிஎச்பியின் இன்டல் எக்ஸ்டென்ஷனில் இருக்கும் நார்மலைசர் இதைச் செய்யும். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பாடங்கள் இதைப் பெரும்பாலும் தொடுவதில்லை, தமிழில் அப்ளிகேஷன் செய்கிற நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலாளி கேட்கும் கேள்வி

இவ்வளவும் செய்து முடித்ததும் முதலாளியிடமிருந்து ஒரு கேள்வி வரும். அதற்குத் தயாராக இருங்கள்.

"என்னப்பா, யார் பாஸ்வேர்டும் எனக்குத் தெரியாதுன்னா எப்படி? ஆள் லீவுல போயிட்டா அவசரத்துக்கு நான் பில் எடுக்க வேணாமா?"

"உங்க லாகின்லயே எல்லா பில்லும் வரும் சார். அவங்க பாஸ்வேர்டு தேவையே இல்ல. மறந்துட்டாங்கன்னா ரீசெட் பட்டனும் உங்ககிட்டதான் இருக்கு."

"பழைய சாஃப்ட்வேர்ல பார்க்க முடிஞ்சுதே?"

"அதனாலதான் சார் மாத்தினோம். அவங்க பாஸ்வேர்டை நீங்க பார்க்க முடிஞ்சா, நாளைக்கு ஒரு பில்லுல தப்பு நடந்தா 'நான் போடல, சார் என் லாகின்ல போட்டிருக்கலாம்'னு சொல்ல இடம் இருக்கு. இப்ப யார் லாகினோ அவங்கதான் பொறுப்பு."

இந்தக் கடைசிப் பதில்தான் பெரும்பாலும் எடுபடும், ஏனென்றால் அது உண்மை. ஆகவே ரீசெட்டை ஒழுங்காகச் செய்துகொடுங்கள். நிர்வாகி பட்டனை அழுத்தினால், தற்செயலாக உருவான ஒரு தற்காலிகப் பாஸ்வேர்டு ஒருமுறை மட்டும் திரையில் வர வேண்டும். டேபிளில் அதன் ஹாஷ் மட்டும் போக வேண்டும். அதை வைத்து உள்ளே வந்தவுடன் புதியது வைக்கும் திரையைத் தவிர வேறு எதுவும் திறக்கக் கூடாது. யார், எப்போது, யாருக்கு ரீசெட் செய்தார் என்பதும் பதிவாக வேண்டும்.

ஆக்சஸில் செய்பவர்களுக்கு

மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் எழுதிய அப்ளிகேஷன்கள் இன்னும் எத்தனையோ ஆபீஸ்களை நடத்துகின்றன. அங்கே நிலைமை கொஞ்சம் வேறு. வலைச் சர்வர் நடுவில் இல்லை. டேபிள்கள் உள்ள பேக்-எண்ட் ஃபைல் ஷேர்டு ஃபோல்டரில் இருக்கும், அதைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் காப்பி எடுக்கலாம். டெக்ஸ்ட் பாக்ஸில் 'பாஸ்வேர்டு' என்ற இன்புட் மாஸ்க் போட்டால் திரையில் நட்சத்திரமாகத் தெரியும், டேபிளில் அப்படியேதான் இருக்கும். பேக்-எண்டுக்குப் பாஸ்வேர்டு போட்டு லிங்க் செய்தால், அந்தப் பாஸ்வேர்டே, ஃபார்ம்கள் உள்ள ஃப்ரன்ட்-எண்ட் ஃபைலின் லிங்க் விவரத்தில் படிக்கும்படி உட்கார்ந்திருக்கும். திறக்கும்போது ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்தால், தடுத்து வைக்காத ஃபைலில் லாகின் ஃபார்மே வராது.

அதனால் ஆக்சஸில் நாம் எழுதும் லாகின், வேலையை ஒழுங்குபடுத்துமே தவிர, தெரிந்தே உள்ளே வர நினைப்பவரைத் தடுக்காது. ஆனால் ஊழியர்களின் பாஸ்வேர்டைக் காப்பது அங்கேயும் நம் பொறுப்புதான், டேபிள் எல்லார் கைக்கும் எட்டும் என்பதால் இன்னும் கூடுதலாகவே.

ஆக்சஸுக்குள் புரோகிராம் எழுதும் மொழியான விபிஏவில் பீகிரிப்ட் கிடையாது. விண்டோஸில் 'பீகிரிப்ட்.டிஎல்எல்' என்று ஒரு ஃபைல் இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம், அது விண்டோஸின் பொதுவான கிரிப்டோ நூலகம், பீகிரிப்ட் ஹாஷுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் விண்டோஸ் 7 முதல் அதற்குள் பிபிகேடிஎஃப்2 ஃபங்ஷன் இருக்கிறது. அதை டிக்ளேர் செய்து விபிஏவிலிருந்து கூப்பிடலாம். எஸ்எச்ஏ-256 அல்காரிதத்தை எச்மேக் ஃப்ளாகோடு திறந்து, 16 பைட் சால்ட், 6,00,000 சுற்று என்று கொடுங்கள். சால்ட்டை அதே நூலகத்தின் தற்செயல் எண் ஃபங்ஷனிலிருந்து எடுங்கள், விபிஏவின் சாதாரணத் தற்செயல் எண் ஃபங்ஷனான ஆர்என்டி இதற்கு உதவாது. இங்கே சால்ட்டும் சுற்று எண்ணும் சரத்துக்குள் தானாக வராது, நீங்கள்தான் தனி ஃபீல்டுகளில் வைக்க வேண்டும். சுற்று எண்ணிக்கை 64 பிட் அளவில் போக வேண்டும். 32 பிட் ஆஃபீஸில் அந்த அளவுக்கு முழு எண் வகை இல்லை என்பதால் கரன்சி வகையில் கொடுப்பது வழக்கம். கரன்சி உள்ளே பத்தாயிரத்தால் பெருக்கி வைப்பதால், 6,00,000 வேண்டுமென்றால் 60 என்று கொடுக்க வேண்டும்.

ஒப்பிடும்போது இன்னொரு பொறி. ஆக்சஸ் சாதாரணமாக எழுத்துகளை ஒப்பிடும்போது ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது. ஹாஷ்களை விபிஏவில் பைனரி ஒப்பீட்டில்தான் பார்க்க வேண்டும். பழைய ஃபீல்டை நீக்கிய பிறகு மறக்காமல் காம்பேக்ட் அண்ட் ரிப்பேர் ஓட்டுங்கள், அதுவரை நீக்கிய எழுத்துகள் ஃபைலுக்குள் கிடக்கலாம். சம்பளம், வாடிக்கையாளர் விவரம் எல்லாம் இருக்கும் அப்ளிகேஷன் என்றால், ஃப்ரன்ட்-எண்டை ஆக்சஸிலேயே வைத்துக்கொண்டு பேக்-எண்டை எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸுக்கு மாற்றிவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. அது இலவசம். விண்டோஸ் லாகினையே பயன்படுத்தலாம், நமக்கென்று ஒரு பாஸ்வேர்டு டேபிளே தேவைப்படாது.

மற்ற ஓட்டைகள்

வெப் சர்வர், பிஎச்பி, டேட்டாபேஸ் எல்லாம் சேர்ந்து வரும் எக்ஸ்ஏஎம்பிபி தொகுப்பைப் போட்டு அப்படியே ஆபீஸ் சர்வராக ஓட்டும் வழக்கம் நிறைய இருக்கிறது. அதில் டேட்டாபேஸின் ரூட் யூசருக்குப் பாஸ்வேர்டே இருக்காது. முதலில் அதற்கு ஒன்று வையுங்கள். அப்ளிகேஷனுக்கென்று தனி டேட்டாபேஸ் யூசரை உருவாக்கி, அதற்கு வேண்டிய டேபிள்களில் மட்டும் உரிமை கொடுங்கள். அந்தக் கனெக்ஷன் பாஸ்வேர்டை வெப் ஃபோல்டருக்கு வெளியே உள்ள ஃபைலில் வையுங்கள்.

ஆபீஸுக்குள்ளேயே ஓடினாலும் எச்டிடிபிஎஸ் வேண்டும். இல்லையென்றால் பாஸ்வேர்டு பிரவுசரிலிருந்து சர்வர் வரை ஆபீஸ் வைஃபையில் மறைப்பில்லாமல்தான் போகும். லாகின் தவறும்போது 'என்ன கொடுத்தார்' என்று எர்ரர் லாகில் எழுதும் வரி இருந்தால் நீக்குங்கள். தவறாகக் கொடுத்த பாஸ்வேர்டு பெரும்பாலும் சரியான பாஸ்வேர்டுக்கு ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். தொடர்ந்து பத்து முறை தவறினால் கால் மணி நேரம் காத்திருக்க வையுங்கள், நிரந்தரமாகப் பூட்டினால் யார் வேண்டுமானாலும் அடுத்தவர் கணக்கைப் பூட்டிவிடலாம். பேக்கப் ஃபைலை என்கிரிப்ட் செய்து வையுங்கள். ஒருவர் வேலையை விட்டுப் போகும் நாளிலேயே அவர் கணக்கை முடக்குங்கள்.

சோதித்துப் பாருங்கள்

இரண்டு சோதனை யூசர்களை உருவாக்கி இருவருக்கும் ஒரே பாஸ்வேர்டு கொடுங்கள். டேபிளில் இரண்டு ஹாஷும் வேறு வேறாக இருக்க வேண்டும். ஒன்றாக இருந்தால் சால்ட் வேலை செய்யவில்லை. ஹாஷின் நீளத்தை எண்ணுங்கள், பீகிரிப்ட் என்றால் 60. ஒருவரின் பாஸ்வேர்டில் ஒரே ஒரு எழுத்தைப் பெரியதாக்கி லாகின் செய்யுங்கள், திறக்கக் கூடாது. 'கொ' வரும் தமிழ்ப் பாஸ்வேர்டை ஆபீஸ் கம்ப்யூட்டரில் வைத்து, போனிலிருந்து லாகின் செய்து பாருங்கள். யூசர் பெயர் கட்டத்தில் வெறும் மேற்கோள் குறியைக் கொடுங்கள், வழக்கமான 'தவறு' செய்தி மட்டும் வர வேண்டும்.

கடைசியாக, புதிய பேக்கப் ஒன்றை எடுத்து வேறொரு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்யுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு பாஸ்வேர்டை அந்த பேக்கப் ஃபைல் முழுவதிலும் தேடுங்கள். லாக் ஃபைல்களிலும் தேடுங்கள். எங்கேயாவது வந்தால், எந்த டேபிள், எந்த வரி அதை எழுதுகிறது என்று பிடித்து நிறுத்திவிட்டு மறுபடி தேடுங்கள். எங்கேயும் வராதபோது சோதனை யூசர்கள் இருவரையும் நீக்கிவிட்டு, மாற்றத்துக்கு முன் எடுத்த அந்த முதல் பேக்கப்பையும் அழித்துவிடுங்கள்.